ரவி அழிக்கவில்லை

ரவியின் கைபேசியில் இருந்தவற்றையெல்லாம் அழித்தவன் ரவி இல்லை. நான்!

அழித்த கையோடு அவன் மனைவியின் முகத்தைப் பார்த்து, "அவரே அழிச்சிட்டுப் போயிருக்காரு போல" என்று சொன்னவனும் நானேதான்.

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. சொல்லிவிட்டால் நெஞ்சு இலேசாகும் என்பார்கள். எதுவும் இலேசாகவில்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்றும் நான் கேட்கப் போவதில்லை. மன்னிக்கும் உரிமை உங்களுக்கு ஏது? கேட்கும் தகுதிதான் எனக்கு ஏது? ஆனால் யாரோ ஒருவரிடமாவது முழுவதையும் சொல்லியாக வேண்டும்... கேளுங்கள்.

ரவி என் நண்பன். கம்பளையில் ஒரே வகுப்பில் படித்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நான் கெட்டம்பேக்குக் குடிவந்துவிட்டேன். கண்டி நகரில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை எனக்கு. அவன் கம்பளையிலேயே, ஆற்றுக்கு அண்மையில், தாயோடும் மனைவி சுமதியோடும் இருந்தான். கண்டியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளன்.

காலையில் கம்பளையில் ரயில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்துக்கொண்டு வருவான். நான் பேராதனையில் ஏறுவேன். பேராதனையிலிருந்து கண்டிக்கு என்ன பெரிய தூரம்? நின்றுகொண்டே வந்துவிடலாம். ஆனாலும் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து மறித்து, ஏறுகிறவர்களிடமெல்லாம் ஏச்சு வாங்கிக்கொண்டு, எனக்காக அந்த இடத்தைக் காத்து வருவான்.

அப்படிப்பட்டவன்!

கைபேசிகளை நோண்டுவது எனக்கு ஒரு பித்து. வாங்கிய கைபேசியை வாங்கியபடியே வைத்திருக்க என்னால் முடியாது. உள்ளிருக்கும் இயங்குதளத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை ஏற்றுவேன். எழும்பாமல் நின்றுபோன கைபேசிகளை எழுப்புவேன். அலுவலகத்திலும் அயலிலும் எனக்கு அதனால் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் நான் இங்கே ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரே கைபேசியில் இரண்டு இயங்குதளங்களை ஏற்றி, வேண்டிய நேரத்தில் வேண்டியதை எழுப்பிக்கொள்ளும் வித்தையைக் கற்றுக்கொண்டபோது முதலில் ரவியிடம்தான் காட்டினேன்.

"ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனமா மச்சான்?" என்று சிரித்தான். சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் அப்பிடிப் போட்டுத் தர்றியா?" என்று கேட்டான்.

அவனுக்கு அது விளையாட்டு இல்லை. அவன் முதலாளி ஞாயிற்றுக்கிழமையிலும் விடமாட்டார். பெயின்ட் தகரம் எங்கே, குழாய் மூட்டு எந்தத் தட்டில் என்று செய்திக்கு மேல் செய்தி வந்துகொண்டே இருக்கும். பார்க்காமலும் இருக்க முடியாது, பார்த்தால் அன்றைய பொழுது போயிற்று! ஆகவே இரண்டு இயங்குதளங்களை ஏற்றிக்கொடுத்தேன். ஒன்றுக்குக் 'கடை' என்று பெயர் வைத்தேன், மற்றதற்கு 'வீடு'. கடையில் முதலாளி இருந்தார். வீட்டில் அவர் இல்லை. சனிக்கிழமை மாலை ரயிலில் ஏறியதும் கைபேசியை அணைத்து, 'வீட்டில்' எழுப்பிக்கொண்டு, "மொதலாளி தேடினா இனி நான் இல்லைன்னு சொல்லிரு மச்சான்" என்பான்.

இதில் 'வீடு' தான் முதன்மை. 'கடை' அதற்குள்ளே ஒரு பெரிய கோப்பாக ஒண்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சேமிப்பிடம் ஒன்றே. அவனுடையதோ விலை குறைந்த சின்னக் கைபேசி.

"எடம் நெறையாமப் பாத்துக்க. நெறைஞ்சிட்டா ரெண்டுமே எழும்பாது" என்று எச்சரித்திருந்தேன்.

தலையாட்டினான். ஆனால் அவன் மகள் கிருஷிகா அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தாள். அவள் சொல்லும் ஒவ்வொரு புதுச் சொல்லையும் பதிவுசெய்தான். 'வீட்டில்' அவள் பெயரில் ஒரு கோப்புறை நாள்தோறும் பருத்துக்கொண்டே போயிற்று...

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவி ஆற்றுக்குக் குளிக்கப் போனான். திரும்பி வரவில்லை.

மலைப்பக்கம் பெருமழை. மகாவலி ஆறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. அவன் துவாயும் சவர்க்காரப் பெட்டியும் கரைக் கல்லில் இருந்தன. மறுநாள் சற்றுத் தள்ளி ஒரு மூங்கில் புதரருகே அவனைக் கண்டெடுத்தார்கள். தவறுதலாக நீரில் மூழ்கிய மரணம் என்று விசாரணை அதிகாரி எழுதினார். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

சுமதி ஒருத்தியைத் தவிர.

கருமாதி முடிந்த சில நாட்களில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், அவள் என் வீட்டுக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கைப்பையிலிருந்து ரவியின் கைபேசியை எடுத்து, கோயிலில் தட்டை நீட்டுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இது அன்னைக்குக் காலையில இருந்தே எழும்பல்லண்ணே. அந்த வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அவரு மேசையில வச்சிட்டுப் போயிட்டாரு. நீங்கதான் எழுப்பித் தரணும்."

"என்ன வேணும் தங்கச்சி, அதுல?"

அவள் என் மனைவி தேநீர் போட உள்ளே போகும் வரை காத்திருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அன்னைக்குக் காலையில நான் அவரை ஏசிட்டேன். எந்நேரமும் போனைக் கட்டிக்கிட்டு அழுறீங்க, நீங்க இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன்... அவரு ஒண்ணுமே பேசல்ல. கொஞ்ச நேரத்துல துவாயை எடுத்துக்கிட்டுப் போனாரு. அவ்வளவு தண்ணியில எதுக்குண்ணே குளிக்கப் போகணும்? எனக்குத் தெரிஞ்சாகணும். ஏதாவது சொல்லி வச்சிட்டுப் போனாரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு விடை என்னிடம் இருந்தது. கைபேசியைத் திறக்காமலே இருந்தது! அதைப் பிறகு சொல்கிறேன்... சொல்லாமல் தப்பிக்க மாட்டேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அவள் என் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு கணமும் எனக்கு முள்ளாக இருந்தது. அவள் சீக்கிரம் எழுந்து போய்விட வேண்டும் என்று மட்டுமே நான் நினைத்தேன்.

கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன்.

மின்னேற்றி எழுப்பினேன். நிறுவனத்தின் சின்னம் வந்தது, வட்டம் சுற்றியது... சுற்றியது... திரும்பவும் சின்னம். 'கடை'யை எழுப்பிப் பார்த்தேன். அதுவும் அப்படியே. ஒலிப் பொத்தானையும் மின் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, பழுது பார்க்கும் திரைக்குள் நுழைந்தேன். இயங்குதளம் படுத்துவிட்டாலும் அதன் கீழே விழித்திருக்கும் சிறிய திரை அது. 'ரெக்கவரி' என்போம்.

சேமிப்பிடத்தைப் பார்த்தேன். மீதி: பூச்சியம்.

நோய் அவ்வளவுதான்! கைபேசிக்கு எழும்புவதற்குக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். மூச்சுவிடக்கூட இடமில்லாமல் அது நிறைந்து போயிருந்தது.

எதனால் நிறைந்தது? கோப்புகளைத் திறந்து பார்த்தேன். கிருஷிகாவின் கோப்புறை. விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் ஓடியது. குரல் பதிவுகள், காணொளிகள்... ஒவ்வொன்றுக்கும் அவனே பெயர் வைத்திருந்தான். 'முட்டாய்', 'மழை வருது', 'அப்பா வா', 'ரயில்'. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகச் சேர்ந்த ஒன்று. அதற்குப் பெயர் வைக்க நேரமில்லை போலும். அவன் இறந்த அந்த ஞாயிற்றுக்கிழமையின் திகதி. காலை நேரம்.

அவன் எதையும் அழித்திருக்கவில்லை. ஒன்றைக்கூட! அழிக்க மனமில்லாததால்தான் அந்தக் கைபேசியே நின்றுபோயிற்று.

இதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். முதலில் எல்லாவற்றையும் கணினிக்குப் பிரதியெடுக்க வேண்டும். பிறகுதான் மற்ற வேலை. மற்றவர்களுக்கு நான் ஓயாமல் சொல்லும் பாடமும் அதுதானே? ஆனால் பிரதியெடுக்க நேரமாகும். அவ்வளவு நேரமும் சுமதி முன்னறையில் இருப்பாள். இன்னும் ஏதாவது கேட்பாள்...

வேறொரு குறுக்கு வழி இருந்தது. 'கடை'யை நீக்கிவிட்டால் போதும். இறந்தவனுக்கு இனிக் கடை எதற்கு? அந்த ஒரு கோப்பு போனால் தாராளமாக இடம் கிடைக்கும். 'வீடு' தானே எழும்பிவிடும். சரியான வழிதான். இன்றைக்கும் சொல்கிறேன், அது சரியான வழிதான்!

பட்டியலில் 'கடை'யைத் தெரிவு செய்தேன். திரை ஒரு கணம் உறைந்தது. பழைய கைபேசிகள் அப்படித்தான். மீண்டும் திரையைத் தொடங்கினேன். தொடங்கியபோது தெரிவு தானாகவே முதலாவதற்குத் திரும்பியிருந்தது. மேலே, சின்ன எழுத்தில், 'வீடு' என்று இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. முன்னறையில் கோப்பை வைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அழிக்கும் பொத்தானைத் தொட்டேன். இது எல்லாவற்றையும் நிரந்தரமாக நீக்கும், உறுதியானால் 'யெஸ்' என்று எழுதுக என்றது.

எழுதினேன். என் விரலால், ஒவ்வோர் எழுத்தாக.

ஐயோ... எவ்வளவு விரைவாக முடிந்துவிட்டது! கிருஷிகா பேசிய அத்தனை சொற்களும் சேர்ந்து போவதற்கு ஒரு பெருமூச்சு விடும் நேரம்கூடப் பிடிக்கவில்லை.

கைபேசியை எழுப்பினேன். அழகாக எழும்பியது. வட்டம் சுற்றி முடிந்து, வெள்ளைத் திரை மலர்ந்து, எந்த மொழி வேண்டும் என்று என்னைக் கேட்டது. புதுக் கைபேசி ஒன்று முதல்முறை கண் விழிக்கும்போது கேட்கும் கேள்வி அது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மீட்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். இந்தக் காலத்துக் கைபேசிகள் உள்ளிருப்பதைப் பூட்டி வைக்கின்றன. அழிக்கும்போது பூட்டின் சாவியும் சேர்ந்தே அழிகிறது. தேடினால் கிடைப்பது அர்த்தமற்ற துகள்கள்.

கதவருகே நிழல். சுமதி நின்றுகொண்டிருந்தாள். வெளிச்சமான திரையைப் பார்த்ததும் அவள் முகமும் வெளிச்சமாயிற்று.

"எழும்பிருச்சாண்ணே!"

"எழும்பிருச்சு."

"உள்ள... என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல தங்கச்சி."

"ஒண்ணும் இல்லன்னா? பாப்பாட பதிவெல்லாம் இருந்திருக்குமே?"

"எல்லாம் அழிஞ்சிருக்கு."

"தானா அழியுமாண்ணே?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நானும் நாள்தோறும் இங்கேதான் வந்து நிற்கிறேன். 'ஆமாம், சில நேரம் தானாகவே அழியும்' என்று சொல்லியிருந்தால்? அதுவும் பொய்தான். ஆனால் யாரையும் கொல்லாத பொய்! ஏன் சொல்லவில்லை? சொன்னால், இரண்டு இயங்குதளத்தை ஏற்றியவன் யார், சிவா அண்ணன்தானே, அவர் செய்த கோளாறுதானே என்று வந்துவிடும். என் பெயர்... என் கைராசி... அதைக் காப்பாற்றத்தான் இந்த நாக்கு புரண்டது.

"தானா அழியாது. யாராவது அழிச்சாத்தான். அவரே அழிச்சிட்டுப் போயிருக்காரு போல. அதனாலதான் அது எழும்பாம நின்னிருக்கு."

நிறைந்ததால் நின்ற ஒன்றை, வெறுமையாக்கப்பட்டதால் நின்றது என்று சொன்னேன். ஒரு நிபுணனின் குரலில் சொன்னேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... ஆயத்தமாத்தான் போயிருக்காரு."

'இல்லை' என்ற ஒரு சொல் போதும். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் கைபேசியை வாங்கிக்கொண்டு, என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனாள். படியிறங்கும்போது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லவில்லை.

அவளுக்கு ஒளித்துவைக்கத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். கைபேசி வெறுமையாக இருந்ததை, காலையில் தான் ஏசியதை, எல்லாம்.

ரவியின் தாய் அதுவரை அவளை மடியில் போட்டுத் தேற்றிக்கொண்டிருந்தவர். அன்றோடு மாறிவிட்டார்.

"பெத்த புள்ளையோட குரலையே அழிச்சிட்டுப் போற அளவுக்கு எம் மகன் மனசு வெறுத்துப் போயிருக்கான். நீ பேசின பேச்சுதான்டி அவனைத் தண்ணியில தள்ளுச்சு!"

இது அயல் முழுதும் கேட்டது. பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். தவறி விழுந்து இறந்தவன் தானாகப் போனவன் ஆனான். சுமதி கணவனை இழந்தவளாக இருந்து கணவனைக் கொன்றவளாக ஆனாள். என் ஒரு வாக்கியத்தால்!

சில வாரங்களில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய அம்மா இருந்தார். பேராதனையில் பஸ் மாற வேண்டும். பெட்டிகள் அதிகம் என்று என்னைத்தான் உதவிக்குக் கூப்பிட்டாள்.

போனேன். பெட்டிகளைத் தூக்கி ஏற்றினேன். சன்னலோரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

"நீங்க ஒருத்தர்தான்ண்ணே எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசுறீங்க" என்றாள்.

கேட்டீர்களா? அதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். கிருஷிகா சன்னல் கம்பியைப் பிடித்தபடி எனக்குக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன்!

இனிமேல்தான் நான் சொல்ல அஞ்சியது வருகிறது. இதுவரை சொன்னது கைத்தவறும் நாக்குத்தவறும். இதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரவி என்னை அழைத்தான்.

தன் கைபேசி எழும்பாததால் அவன் தாயின் சின்னப் போனிலிருந்து அழைத்தான். சுமதிக்கு அது தெரியாது. தாய்க்கும் தெரியாது, அவருக்குப் பொத்தானை அழுத்திப் பேச மட்டுமே தெரியும். நான் கணினியின் முன்னால் இருந்தேன். இணையத்தில் எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கு, அவருடைய கைபேசியை எழுப்பும் வழியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பாதிக் காதுதான் ரவியிடம் இருந்தது.

"மச்சான், வீடு தொறக்க மாட்டேங்குது" என்றான்.

"ஒண்ணையும் தொடாம அப்பிடியே வை. நாளைக்கு ரயில்ல கொண்டா, பாப்பம்."

அவன் இன்னும் ஏதோ பேசினான். பிள்ளையைப் பற்றி... வீட்டில் ஏதோ சத்தம் என்பதைப் பற்றி... எனக்கு என் வேலை. பேச்சை முடிக்க வேண்டும்.

"மண்டை சூடாயிருக்கு ஒனக்கு. போய் ஆத்துல ஒரு முழுக்குப் போடு. எல்லாம் சரியாப் போகும்!" என்றேன்.

சிரித்தான். "சரி மச்சான், நாளைக்குக் கொண்டு வர்றேன்" என்றான்.

நாளைக்கு! நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொன்ன மனிதன் சாகப் போகிறவனா? அவ்வளவு தண்ணீரில் எதற்குக் குளிக்கப் போனார் என்று சுமதி கேட்டாளே... நான் போகச் சொன்னதால் போனான். என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் அதே ஆறுதான் தெரியும். கம்பளையைக் கடந்து, கெட்டம்பேயைக் கடந்துதான் அது போகிறது. அன்று காலை அது கலங்கி, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்துதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். நினைத்துச் சொல்லவில்லை. சும்மா, பேச்சுக்கு...

மரண வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பிறகு அந்தப் பொய்யைச் சொன்னதும், அழைப்பைப் பற்றிச் சொல்லவே முடியாமல் போயிற்று. தானே எல்லாவற்றையும் அழித்தவன், எழும்பவில்லை என்று என்னை ஏன் அழைப்பான்? ஒன்றைச் சொன்னால் மற்றது உடைந்துவிடும். இரண்டையும் சேர்த்து உள்ளே போட்டுப் பூட்டினேன்.

அதன் பிறகு கைபேசிகளைத் தொடுவதை விட்டுவிட்டேன். யாராவது கொண்டுவந்தால் கண் சரியில்லை என்பேன். யார் கையிலாவது அந்த வட்டம் சுற்றுவதைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். ரயிலில் உட்காருவதில்லை, இடம் கிடந்தாலும் கதவருகே நின்றே வருகிறேன். மழைக்காலத்தில் சன்னலைச் சாத்தி வைப்பேன். சாத்தினாலும் ஆற்றின் சத்தம் கேட்கும். நீங்கள் ஆற்றருகே குடியிருந்ததுண்டா? வெள்ளம் வரும் நாட்களில் அது பேசும். ஒரு மனிதன் தூரத்தில் நின்று, நாம் வேறு வேலையாக இருக்கும்போது, ஏதோ சொல்வது போலவே இருக்கும்...

ரவியின் தாய் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கம்பளைக்குப் போனேன். சவ வீட்டின் எதிரே, வீதிக்கு அப்பால், சுமதி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூட வயதில், ரவியின் நெற்றியோடு, கிருஷிகா. உள்ளிருந்து ஒரு சொந்தக்காரப் பெண் வாசலுக்கு வந்து, "இன்னும் யாரைக் கொண்டுபோக வந்திருக்க?" என்று கேட்டாள். எல்லோரும் கேட்கக் கேட்டாள். சுமதி பிள்ளையின் காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கையைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

மறுவாரம் கலஹாவுக்குப் போனேன். கடைத்தெருவில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் அவளுக்கு வேலை. என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டாள். "என்னாண்ணே இவ்வளவு தூரம்?" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கைபேசி நிறைந்திருந்ததை, நான் அழித்ததை, பொய் சொன்னதை, அந்த அழைப்பை, ஆற்றுக்குப் போகச் சொன்னதை... எல்லாவற்றையும்.

இடையில் ஒரு பெரியவர் அடையாள அட்டையைப் பிரதியெடுக்க வந்தார். அவள் வாங்கினாள், கண்ணாடியில் வைத்தாள், மூடினாள், எடுத்துக் கொடுத்தாள். அவர் போனதும், "சொல்லுங்க" என்றாள். சொல்லி முடித்தேன்.

ஏசுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் இயந்திரத்தின் மூடியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"அத்தை சாகுற வரைக்கும் எம் மூஞ்சிய பாக்கல்ல" என்றாள். பிறகு, "பாப்பா போன வருஷம் கேட்டா. அப்பாவுக்கு என் குரல் புடிக்காதாம்மான்னு" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரு என்ன சொன்னாரு?"

"என்ன?"

"போன்ல. கடைசியா ஒங்ககிட்டதானே பேசியிருக்காரு. பாப்பாவைப் பத்தி ஏதோ சொன்னாருன்னீங்களே. அப்பிடியே சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். வரவில்லை. 'வீடு தொறக்க மாட்டேங்குது' வந்தது. 'நாளைக்குக் கொண்டு வர்றேன்' வந்தது. நடுவில் அவன் பேசியது... அவன் நிறையப் பேசினான். பாப்பா என்றான். சுமதி என்றும் சொன்னானா? ஏதோ ஒன்றுக்கு அவனே சிரித்துக்கொண்டான். எதற்கு?

"ஞாபகம் இல்ல தங்கச்சி... நான் அப்போ சரியாக் கேக்கல்ல..."

முதல் முறையாக அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. அவரு சொன்னது மட்டும் இல்லையா?"

அவள் இழுத்துப் போட்ட கதிரையைப் பார்த்தேன்.

"யோசிங்க" என்றாள். "ஞாபகம் வந்தா வாங்க. வராட்டி வராதீங்க. ஆனா நீங்களா ஏதும் சோடிச்சுச் சொல்லாதீங்க. இன்னொரு தடவை என்னால ஏலாது."

கடைக்குப் பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளை வரும் நேரம் என்று அவள் சொன்னது, என்னைப் போகச் சொன்னதுதான். புறப்பட்டேன். அண்ணே என்று அவள் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். ரயில் கதவருகே நின்று யோசிக்கிறேன். அலுவலகத்தில், குளிக்கும்போது, என் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது... அவன் குரல் நன்றாகக் கேட்கிறது. ஏற்ற இறக்கம்கூடக் கேட்கிறது. சொற்கள் மட்டும் இல்லை.

சில நாட்களுக்கு முன் ஒரு வாக்கியம் வந்தது. 'பாப்பா இன்னைக்கு என் பேரை முழுசாச் சொல்லிட்டா மச்சான், பதிஞ்சு வச்சிருக்கேன்.' அவன் குரலிலேயே வந்தது! முடிவில் அந்தச் சிரிப்பும் சரியாகப் பொருந்தியது. துடித்துப்போனேன். இதுதான், இதுவேதான் என்று எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகு சந்தேகம் வந்தது. இது அவன் சொன்னதா? அந்தப் பெயரில்லாத கடைசிப் பதிவை நான் பார்த்ததால், அதற்கேற்ற ஒரு வாக்கியத்தை நானே செய்து அவன் வாயில் வைத்தேனா? எப்படிப் பிரித்தறிவது? நீங்களாவது சொல்லுங்கள்... கேட்டால் அவள் அழுவாள். கிருஷிகா சந்தோஷப்படுவாள். இதற்கு முன் சொன்ன பொய் செய்த காயத்தை இது பாதியாவது ஆற்றும். பொய்யாகவே இருந்தால்தான் என்ன?

அப்படித்தான் அன்றும் நினைத்தேன். ஒரு வாக்கியம்தானே என்று.

இன்று வேலை முடிந்து பேராதனையில் இறங்கினேன். கலஹா பஸ் நின்றுகொண்டிருந்தது. நடத்துனர் என்னைப் பார்த்து, வருகிறீர்களா என்று தலையால் கேட்டார். படிக்கட்டின் கம்பியைப் பிடித்தேன். அந்த வாக்கியத்தை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். இந்த முறை அதில் ஒரு சொல் மாறியிருந்தது.

கம்பியை விட்டேன். பஸ் போயிற்று.